ஐ7 சரி, எந்த வருஷத்து ஐ7?

பழைய கம்ப்யூட்டர் விளம்பரங்களில் ஒரு வரி மாறுவதே இல்லை: ‘ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி’. கூடவே, கண்ணாடி கேபினெட்டுக்குள் ஊதாவும் பச்சையுமாக விளக்குகள் சுழலும் படம். புதிய கேமிங் கம்ப்யூட்டரின் விலையைக் கேட்டு மலைத்துப்போன பெற்றோருக்கு இது பெரிய ஆறுதல். சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, மாவட்டத் தலைநகரின் சர்வீஸ் கடையானாலும் சரி, ஆயிரம் இரண்டாயிரம் குறைப்பதற்குப் பேரம் நடக்கும். ‘இது எந்த ஐ7?’ என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இன்டெல் நிறுவனம் ‘கோர் ஐ7’ என்ற பெயரை 2008இல் கொண்டுவந்தது. 2009இல் வந்த ஐ7-860 ஓர் ஐ7. 2017இல் வந்த ஐ7-8700உம் ஐ7தான். முன்னதில் நான்கு கோர், பின்னதில் ஆறு. நடுவில் எட்டு வருஷத் தொழில்நுட்ப இடைவெளி. 2020இல் வந்த ஐ3-10100, அந்த 2009 ஐ7-ஐ அநாயாசமாக முந்திவிடும். பெயரில்தான் அது சின்னது. தயாரித்த வருஷத்தைச் சொல்லாமல் ‘புல்லட்’ என்று மட்டும் சொல்லி ஒருவர் வண்டி விற்க வந்தால் நம்மவர்கள் ஆர்சி புத்தகத்தைக் கேட்காமல் விடமாட்டார்கள். கம்ப்யூட்டர் கடையில் ஏனோ அந்த எச்சரிக்கை உணர்வு காணாமல் போகிறது.

குறைந்த செலவில் விளையாட நினைப்பவர் வாங்க வேண்டியது அந்த மின்னும் பெட்டியை அல்ல. ஏதோ ஓர் அலுவலகத்தில் ஐந்தாறு வருஷம் எக்செல் ஓட்டிக்கொண்டிருந்த, பார்க்க எந்த அழகும் இல்லாத கறுப்பு டவரைத்தான். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் ஆகியவை இந்த ரகம். நிறுவனங்கள் மொத்தமாக வாங்கி, சில வருஷங்களில் மொத்தமாகக் கழித்துவிடுபவை. இவற்றில் விளக்குக்கும் கண்ணாடிக்கும் கொடுக்கும் காசு மிச்சம். பூர்விகமும் தெரியும்: டெல் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஏழு எழுத்து சர்வீஸ் டேக்கை அந்த நிறுவனத்தின் தளத்தில் கொடுத்தால், எப்போது அனுப்பப்பட்டது, முதலில் உள்ளே என்னென்ன இருந்தன என்பது வந்துவிடும். கடைக்காரர் சொல்வதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இப்போது இத்தகைய பெட்டிகள் மலிவாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கோ, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதனால் ஏழாம் தலைமுறை வரையிலான பெட்டிகள், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அலுவலகங்களிலிருந்து வெளியேறுகின்றன.

கண்ணி இருப்பதும் இங்கேதான். நான்காம் தலைமுறைப் பெட்டியிலும் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றித் தர முடியும். கடையில் போட்டுக் காட்டும்போது எல்லாம் ஒழுங்காகவே தெரியும். வீட்டுக்கு வந்து வேலரண்ட்டைத் திறந்தால்தான் விஷயம் வெளிப்படும்: விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0உம் பயாஸில் உள்ள செக்யூர் பூட் வசதியும் இல்லாவிட்டால் அந்த விளையாட்டு உள்ளேயே விடாது. 2025இல் வந்த பேட்டில்ஃபீல்டு 6உம் இதே நிபந்தனையைப் போடுகிறது. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க விளையாட்டு நிறுவனங்கள் போட்ட பூட்டு இது. பழைய பெட்டி வாங்கியவரும் வெளியே நிற்கிறார்.

எனவே, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. விண்டோஸ் மட்டுமே இதற்குக் காரணமில்லை. ஐ5 வரிசை ஏழாம் தலைமுறை வரை நான்கு கோர்களிலேயே தேங்கி நின்றது. 2017இல் ஏஎம்டியின் ரைசன் போட்டிக்கு வந்த அதே வருஷம்தான் எட்டாம் தலைமுறை ஐ5க்கு ஆறு கோர் கிடைத்தது. ஐ5-8400 அல்லது ஐ5-8500 உள்ள ஒரு டவர், இன்றைக்கும் 1080பி விளையாட்டுக்குப் போதுமான அடித்தளம். ஆன்லைன் போட்டிகளில் ஆசையில்லாமல் பழைய கதை விளையாட்டுகள் மட்டும் போதும் என்பவருக்கு இந்தக் கட்டாயம்கூட இல்லை. ஜிடிஏ 5 கணினிக்கு 2015இல் வந்தபோது, அதற்குப் பரிந்துரைக்கப்பட்ட பிராசசர் ஐ5-3470. ஆப்டிபிளெக்ஸ் 7010 பெட்டிகள் பலவற்றில் இருப்பது அதுவேதான்!

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. பணத்தை இங்கேதான் போட வேண்டும், ஆனால் ஓர் எல்லைக்குள். அலுவலகப் பெட்டிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் சின்னது. எட்டாம் தலைமுறை ஆப்டிபிளெக்ஸ் டவரில் 260 வாட் அளவில் இருக்கும். கார்டுக்கெனத் தனி மின்கம்பி பெரும்பாலும் இருக்காது. மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்டுதான் இதற்குப் பொருந்தும். 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650இல் தனி மின்இணைப்பு கேட்காத மாடல்கள் இந்த வகை. வசதி இருந்தால் 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, 70 வாட். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இன்னும் மலிவு என்று பலர் அதற்குப் போகிறார்கள். அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது; இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட் என்பது கவர்ச்சிதான். ஆனால் நான்கே லேன் உள்ள அந்த கார்டு, பிசிஐஇ 3.0 மட்டுமே உள்ள இந்தப் பழைய மதர்போர்டுகளில் வேகம் குறைந்துவிடும்.

185 வாட் விழுங்கும் ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிரிப்டோ சுரங்கத்தில் இரவு பகலாக உழைத்துவிட்டு, 2022 செப்டம்பரில் எத்திரியம் நாணயம் சுரங்கம் தேவையில்லாத முறைக்கு மாறியதும் சந்தைக்கு வந்தவையும் அவற்றில் உண்டு. அதைப் போட எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டும். பல அலுவலகப் பெட்டிகளின் மின்இணைப்பு வழக்கமான 24 பின் வகை அல்ல. அதற்கு ஓர் அடாப்டர் தேட வேண்டும். ‘450 வாட்’ என்று அச்சடித்த மலிவு எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி அதில் இந்த கார்டை மாட்டுவது ராம், மதர்போர்டு எல்லாவற்றையும் பணயம் வைக்கிற வேலை.

பெட்டியின் உருவத்தையும் பார்க்க வேண்டும். டவரில் சாதாரண கார்டு நுழையும். ஒல்லியான எஸ்எஃப்எஃப் பெட்டிக்கு லோ புரொஃபைல் கார்டுதான். கிடைப்பதும் அரிது, விலையும் கூடுதல். உள்ளங்கை அளவு மைக்ரோ பெட்டிகளில் பொதுவாக கார்டு ஸ்லாட்டே கிடையாது.

பணம் கொடுப்பதற்கு முன் அரைமணி நேரம் கடையிலேயே உட்காருவது வெட்கப்படும் காரியமல்ல. பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ சிப்பின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்ற மோசடி உலகெங்கும் நடந்தது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இத்தகைய போலிகளைக் காட்டிக்கொடுக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று தெரியும். பயாஸுக்குள் நுழைந்து பார்ப்பதும் அவசியம். பழைய அலுவலகத்தின் பாஸ்வேர்டு அதில் பூட்டாகக் கிடந்தால், செக்யூர் பூட்டை மாற்ற வழியில்லாமல் போய்விடும்.

ராம் விஷயத்தில் பழைய பெட்டிக்கு இப்போது எதிர்பாராத ஒரு சாதகம். ஏஐ தரவு மையங்களுக்கே தயாரிப்பாளர்கள் முன்னுரிமை தருவதால் 2025 இறுதியிலிருந்து புதிய ராம் விலை எகிறிக்கிடக்கிறது. நுகர்வோருக்கான குரூசியல் பிராண்டு வணிகத்திலிருந்தே விலகுவதாக ராம் தயாரிப்பாளரான மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. பெட்டியோடு வரும் 16 ஜிபிக்கு முன்பைவிட மதிப்பு கூடியிருக்கிறது. ஒரே 16 ஜிபி ஸ்டிக்காக இல்லாமல் இரண்டு 8 ஜிபியாக இருந்தால் இன்னும் நல்லது. இரட்டைச் சேனலில் வேகம் கூடும்.

இந்தப் பெட்டி எல்லாவற்றையும் ஓட்டிவிடும் என்று யாரும் ஆசை காட்டக் கூடாது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு, ரே டிரேசிங் வசதி இல்லாத ஜிடிஎக்ஸ் 1650இல் தொடங்கவே தொடங்காது. அத்தகைய புது வரவுகள்தான் வேண்டுமென்றால், இன்னும் ஆறு மாதம் பணம் சேர்த்துப் புதிதாக அசெம்பிள் செய்வதே கெட்டிக்காரத்தனம். பின்னாளில் மாற்றிக்கொள்ளவும் அதில்தான் இடமிருக்கும். வேலரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2, ஜிடிஏ 5, கூடவே கல்லூரி புராஜெக்ட் என்பவருக்கு அலுவலக டவரும் ஒரு கார்டும் போதும். அதற்கு மேல் அதில் பணத்தைக் கொட்டுவது வீண்.

வாங்கும்போது இரண்டைக் கேட்டு வாங்குங்கள். பிராசசரின் முழு எண்ணும் கார்டின் முழுப் பெயரும் பில்லில் எழுதப்பட வேண்டும். ‘ஐ7, கிராபிக்ஸ் கார்டுடன்’ என்று எழுதித் தந்தால் ஏற்காதீர்கள். டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். செகண்ட் ஹேண்டுக்கு பில் கிடையாது என்று கடைக்காரர் சொன்னால், பில் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது என்பதை அவரிடம் சொல்லலாம்.