பாதிக் கோப்பை மரக்கறி

சென்ற வருடம் அம்மாவை நீரிழிவு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. சாப்பாட்டுக் கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், காற்பங்கு சோறு, காற்பங்கு மீன் அல்லது பருப்பு. தாதி பொறுமையாக விளக்கினார். அம்மாவும் தலையாட்டினா. வெளியில் வந்ததும் கேட்டா: "அந்தப் பாதிக் கோப்பைக்கு என்ன காசு முடியும் பிள்ளை?"

அன்று காலை எங்கள் வீட்டில் கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணீரும்தான். வன்னியில் பல வீடுகளின் நிலை இதுதான். மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை.

இடம்பெயர்வதற்கு முன்னர் எங்களுடைய சாப்பாடு வேறு. குரக்கன் பிட்டு, ஒடியல் கூழ், முருங்கையிலை வறை, குளத்து மீன், வீட்டு மாட்டின் பால். 2008, 2009 இல் மாடுகளையும் விதை நெல்லையும் காய்க்கும் தென்னைகளையும் விட்டுவிட்டு ஓடினோம். முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த கஞ்சிதான் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. பிறகு முகாமில் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என நிவாரணம். அது பசியைத் தீர்த்தது, மறுக்கமாட்டேன். ஆனால் அந்த மாவிலும் சீனியிலும் ஒரு தலைமுறையின் நாக்கு பழகிவிட்டது. பிள்ளைகள் பசியில் அழுததைப் பார்த்த தாய்மாருக்கு இன்றைக்கும் வயிறு நிறைந்தால் போதும். சத்து என்பது அதற்குப் பிறகுதான்.

மெல்ல நிமிர்கையில் அடுத்த அடி விழுந்தது. 2021 இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் என்பதுபோலத் தடை செய்தார்கள். விளைச்சல் விழுந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பின்னர் பணவீக்கம் குறைந்ததாகச் செய்தி வந்தது. விலை ஏறும் வேகம் குறைந்ததே தவிர, ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. கையில் காசு குறைந்தபோது எங்கள் வீட்டில் முதலில் நின்றது மீனும் முட்டையும் பாலும். சோறும் மாவும் நிற்கவில்லை. நீரிழிவுக்காரர் குறைக்க வேண்டியதே ஏழை வீட்டில் மிஞ்சுகிறது.

2023 இல் தொடங்கிய அஸ்வெசும, மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா என்றது. அதாவது நாளுக்கு 500 ரூபா. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காயே 200 ரூபாவைத் தாண்டியது.

அம்மாவும் நானும் கடை மரக்கறியை நம்புவதை விட்டோம். வேலியில் முருங்கைக் கதியால் நட்டோம். கிணற்றடியில் பொன்னாங்காணி, வல்லாரை. மீன் வாங்க முடியாத நாளில் நெத்தலிக் கருவாடு கொஞ்சம், அல்லது அவித்த பயறு. தேத்தண்ணீர்ச் சீனியைக் கரண்டி கரண்டியாகக் குறைத்தோம். பனங்கட்டி நல்லது என்று அயலவர்கள் சொன்னார்கள். நீரிழிவுக்காரருக்கு அதுவும் சீனிதான் என்று தாதி திருத்தினார். சோற்றைக் குறைப்பதுதான் அம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது. கோப்பையில் சோறு குறைந்தால் அவவுக்குப் பழைய பயம் வந்துவிடும். அதனால் கீரையை முதலில் போட்டு, சோற்றை மேலே வைத்தேன். இம்முறை பரிசோதனையில் சீனி கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஆனால் இதை எல்லோருக்குமான தீர்வாக நான் எழுதவில்லை. எங்களுக்குக் காணியும் வற்றாத கிணறும் இருக்கின்றன. காணி இன்னும் படையினரிடம் இருக்கும் குடும்பம் எங்கே முருங்கை நடும்? கோடையில் குடிதண்ணீருக்கே பவுசரைப் பார்த்திருப்பவர்கள் எதை ஊற்றிக் கீரை வளர்ப்பார்கள்? காணி விடுவிப்பு, குளப் புனரமைப்பு, பாடசாலைச் சாப்பாட்டில் உள்ளூர்க் கீரையும் பயறும் என்பவையும் நீரிழிவுக்கான மருந்துதான்.

ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் கஞ்சி காய்ச்சிப் பகிர்கிறோம். பட்டினியை நினைவுகூரத் தெரிந்த எமக்கு, அடுத்த நாள் பிள்ளைகளின் கோப்பையில் என்ன இருக்கிறது என்று கேட்கவும் உரிமை உண்டு.