எண்ணூர்க் கழியும் நாணுடைமையும்

2017ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள் விடியற்குமுன், எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தின் வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயுவை இறக்கிவிட்டுப் புறப்பட்ட கப்பல் ஒன்று. எண்ணெய் ஏற்றித் துறைமுகம் நோக்கி வந்த கப்பல் மற்றொன்று. கடலில் ஒழுகிய கரிய எண்ணெய் அலைகளால் உந்தப்பட்டு, எர்ணாவூரையடுத்த இராமகிருஷ்ணா நகர்க் குப்பத்துக் கரைக்கற்களினிடையே குழம்பாய்த் திரண்டது. தெற்கே மெரினாவையும் கடந்து பரவிற்று. உறிஞ்சும் பொறிகளைக் கொண்டுவந்தனர். குழம்பின் தடிப்பால் அவை திணறின. இறுதியில் உதவியவை மனிதர் கைகளும் வாளிகளுமே. மீனவரும், காவற்படையினரும், நகரின் பல திசைகளினின்றும் வந்த கல்லூரி மாணவரும் வரிசையாய் நின்று, வாளியைக் கைக்குக் கை மாற்றி அக்குழம்பை அள்ளினர்.

அவ்வரிசையின் படத்தை நம்மிற் பலர் பார்த்திருப்போம். யானும் சிறுவனாய் இருந்தபோது பார்த்து, மனிதருள்ளம் இவ்வளவு நல்லதோ என்று வியந்தேன். இன்று அதனை மீண்டும் பார்க்குங்கால் வியப்போடு ஒரு வினாவும் எழுகின்றது. அத்துணை இரக்கம் சில நாள்களில் ஒரே கரையில் பொங்கிற்றே. அதற்குப்பின் அஃது எங்கே போயிற்று?

இவ்வினா வீண் வினா அன்று. ஏழாண்டு நிரம்புமுன், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின் பெருமழை வடிந்தபோது, மணலிச் சுத்திகரிப்பாலைப் பக்கத்தினின்றும் எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசத்தலையாற்றிலும் எண்ணூர்க் கழியிலும் புகுந்தது. படகு கறுத்தது; வலை கறுத்தது; வீட்டுச் சுவரிலே வெள்ளம் நின்ற மட்டம் கருங்கோடாய்ப் பதிந்தது; கூழைக்கடாக்கள் சிறகு நனைந்து உட்கார்ந்திருந்தன. மறுபடியும் எண்ணெயை அள்ளியவை மனிதர் கைகளே. அவற்றுள் மிகப்பல காட்டுக்குப்பம் முதலிய குப்பங்களின் மீனவர் கைகள்.

இயற்கையைக் காக்க மக்களுக்கு அறிவு புகட்டினாற் போதும் என்பார் ஒருசாரார்; சட்டம் வேண்டும் என்பார் மற்றொருசாரார். இரண்டும் வேண்டுவனவே. ஆனால் அறிவும் சட்டமும் உள்ள இடத்திலேயே கழி கெட்டது என்பதை நாம் கண்ணாற் கண்டோம். பலரும் ஒருங்கே உணரும் உணர்ச்சியும், பலரும் ஒருங்கே ஏற்ற அறநம்பிக்கையும் இல்லாவிடத்து அறிவு ஏட்டிலும் சட்டம் அரசிதழிலும் தங்கிவிடுகின்றன. எந்த உணர்ச்சி என்பதே வினா. இரக்கம் என்று நாம் எளிதில் விடை சொல்லிவிடுகிறோம். யான் அதனை ஏற்கவில்லை.

இரக்கம் பிறப்பதற்கு ஓர் அவலக் காட்சி வேண்டும். காட்சி மறைந்தால் இரக்கமும் மறையும். எண்ணெய் பூசிய ஆமையைக் கண்டு கண்ணீர் விட்டவரே, அனல்மின் நிலையத்துச் சாம்பல் கழியினடியில் படிந்து ஆற்றை ஆண்டாண்டாய் மேடாக்கியதைக் கண்டு வாளா இருந்தனர். சாம்பலுக்கு முகம் இல்லை. சேற்றுக்கு முகம் இல்லை. அன்றியும் இரக்கம் மேலிருந்து கீழ்நோக்கும் உணர்ச்சி. கரையில் நிற்பவன் அல்லற்படுபவனை நோக்கி இரங்குகிறான், தன்னை நோக்குவதில்லை.

தன்னை நோக்கச் செய்வது நாண். அச்சொல்லை மகளிர்க்குரிய கூச்சமாக மட்டும் நாம் குறுக்கிவிட்டோம். வள்ளுவர் நாணுடைமையைத் தனியதிகாரமாக வைத்துத் தகாத செயலுக்குக் கூசுதலே நாண் என்று அதன் பொருளை முதலிலேயே வரையறுத்தார். தம் பழிக்கேயன்றிப் பிறர் பழிக்கும் நாணுவாரை நாணத்தின் உறைவிடம் என்றும் கூறினார். அவ்வதிகாரத்தை அடுத்து நிற்பது குடிசெயல்வகை. நாண் ஒருவன் தனியறையில் நுகரும் உணர்ச்சி அன்று, குடியோடு பகிரும் உணர்ச்சி என்பதற்கு இவ்வைப்புமுறையே எனக்குச் சான்றாகத் தோன்றுகின்றது. உரைகாரர் அங்ஙனம் கூறினாரா என்று ஆசிரியர் கேட்பாராயின் யான் தலைகுனிய வேண்டியதே.

நம் பாடப்பகுதியிலுள்ள நற்றிணையின் 172ஆம் பாட்டை நினைவு கூர்க. அது நெய்தற் பாட்டு, கடற்கரைப் பாட்டு. சிறுமியர் விளையாட்டாக மணலிற் புதைத்து மறந்த புன்னைவிதை முளைக்கின்றது. அவர்கள் அதனைப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கின்றனர். அம்மரம் உங்களினும் சிறந்த உங்கள் உடன்பிறந்தாள் என்று தாய் சொல்லிவைக்கிறாள். பின்னொரு நாள் தலைவனோடு அம்மர நிழலில் நகையாட நாணுகிறோம் என்கிறாள் தோழி. மரத்தை வெட்டலாகாது என்று அங்கே எவரும் அறிவுரை பகரவில்லை. மரம் உறவாயிற்று, உறவின் முன்னே தகாதன செய்ய நாண் தடுக்கிறது. அவ்வளவே. மாசுகளைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் எத்தனையோ உள. இப்பாட்டளவு தொழிற்படும் நூல் அவற்றுள் எத்தனை?

இது புலவர் கற்பனை என்று தள்ளுவார்க்கு நம் காலத்துச் செய்தி ஒன்று கூறுவேன். குஜராத்தின் வேராவல் முதலிய கடற்கரைகளில் திமிங்கிலச் சுறாவை வேட்டையாடி வந்தனர். 2001இல் இந்திய அரசு அதனைப் பாதுகாப்புப் பட்டியலிற் சேர்த்துச் சட்டத்தாற் காத்தது. ஆயினும் மீனவர் மனம் மாறத் தொடங்கியது 2004இல் ஒரு பரப்புரை எழுந்த பின்னரே. மொராரி பாபு என்னும் சமயப் பேச்சாளர் அம்மீனைப் பிள்ளைப்பேற்றிற்காகத் தாய்வீடு வரும் மகளுக்கு ஒப்பிட்டுப் பேசினார். தாய்வீடு வந்த மகளைக் கொல்லுங் குடி உண்டோ? தம் வலையிற் சிக்கிய மீனை விடுவிக்க, விலையுயர்ந்த வலையைத் தாமே அறுத்தெறிந்தனர் அம்மீனவர். நூற்றுக்கணக்கான மீன்கள் இங்ஙனம் உயிர் பிழைத்தன. சட்டம் செய்யாததை ஒரு சொல் செய்தது என்று யான் சொல்லவில்லை. சட்டத்திற்குக் கைகால் தந்தது அச்சொல் என்கிறேன். நம் சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளியன்றும் வெடி வெடியாத கொள்ளுக்குடிப்பட்டியாரும் இவ்வினத்தவரே. ஊரார் அனைவரும் வெடியாதபோது ஒருவன் மட்டும் திரியைக் கொளுத்தக் கை கூசும்.

இனி எண்ணூருக்கு வருவோம். எண்ணூர்க் கழி நமக்கு யார்? குப்பத்து மீனவர்க்கு அது தாய். நகரத்தார்க்கோ அது புறம்போக்கு. இச்சொல்லின் கதை வருந்தத்தக்கது. தனியொருவர்க்கு உரிமையின்றி ஊர்ப் பொதுவாய், வரிக்குப் புறம்பாய் நின்ற நிலம் என்பது அதன் பொருள். அதனை நாம் வசைச்சொல்லாக்கினோம். பொதுவானது யாருடையதும் அன்று என்று கருதும் மனமே அவ்வசையைப் படைத்தது. டி. எம். கிருஷ்ணா எண்ணூரிற் படம்பிடித்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ அச்சொல்லின் மானத்தை மீட்க முயன்றது. கப்பல்கள் மோதிய அதே ஜனவரித் திங்களில்தான் அது வெளிவந்தது. ஒரு சொல்லின் பொருளை மாற்றுவதும் சூழலைக் காக்கும் தொண்டே என்று தமிழ் பயிலும் எனக்குத் தோன்றுகிறது.

பிறர் பழிக்கு நாணுதல் என்றேன். அதற்கு வடசென்னையிலேயே ஒரு காட்டு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைக்காலில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் கடலினுள் நீட்டப்பெற்றன. நம் கரையோரம் வடக்குநோக்கிச் செல்லும் மணல் அச்சுவரால் தடையுண்டு தென்பக்கம் குவிந்தது. அங்ஙனம் குவிந்து அகன்றதே நாம் மாலையில் உலாவும் மெரினா மணல். வடபக்கத்திலோ மணல் வரத்து அற்றமையால் இராயபுரம் முதல் திருவொற்றியூர்க்கு அப்பாலும் கடல் கரையைத் தின்றது; தெருக்களையும் வீடுகளையும் விழுங்கிற்று. இன்று அங்கே கருங்கற் குவியலே கரை. மெரினாவில் உலாவுவோர் குற்றவாளிகள் அல்லர். ஆயினும் அவர் காலடியில் உள்ளது வேறொருவர் இழந்த மணல் என்பதை நினைத்துக் கூசுவார் எத்துணைப் பேர்?

‘ஆலைகள் செய்யுங் குற்றத்திற்கு மக்களின் நாணம் மருந்தாகுமோ? முதலாளிக்கு நாணம் ஏது?’ என்று நண்பர் ஒருவர் என்னை இடித்துரைத்தார். அவர் வினாவின் கூர்மையை ஒப்புகிறேன். வாளி ஏந்திய மாணவரைப் புகழ்ந்த புகழ்ச்சியின் நிழலில், வாளி ஏந்தும் நிலையை உண்டாக்கியவர் ஒளிந்துகொள்ளலாம். உணர்ச்சியை மெச்சி நீதியை மறப்பது நம் நாட்டு வழக்கம். கையுறையும் இன்றி மீனவர் எண்ணெய் அள்ளியதைத் தியாகம் என்பாரை யான் வெறுக்கிறேன். அது தியாகம் அன்று, கைவிடப்பட்டமை.

ஆனால் ஆலை என்பது யார்? மழையிரவில் அடைப்பைத் திறப்பதும் மூடுவதும் ஒரு மனிதன் கை. கழிவின் அளவைக் கணக்கேட்டில் எழுதுவது ஒரு மனிதன் கை. அவர்கள் வேற்றுலகத்தவர் அல்லர். நம்போன்ற கல்லூரிகளிற் பயின்றவர். வடசென்னையில் எத்தனையோ இல்லங்களில் அடுப்பெரிவது அவ்வாலைகளின் கூலியாலேயே. என் உறவினர் இல்லங்களும் அவற்றுட் சில. ஆதலின் பகைமை பேச எனக்கு வாயில்லை. கண்காணிப்பாளர் ஆண்டிற் சிலநாள் வருவார். நாண் நாள்தோறும் உடன்வரும். இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் அத்தகைய பொறுப்பில் இருப்பவர் உளராயின், தம் கையெழுத்தைத் தம் தாயார்க்குப் படித்துக்காட்ட இயலுமா என்று ஒருகால் எண்ணிப் பார்க்குமாறு வணங்கிக் கேட்கிறேன்.

கிறித்தவராகிய நமக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மனிதனுக்கு அளிக்கப்பட்ட ஆளுகையைப் படித்து மகிழ்கிறோம். இரண்டாம் அதிகாரத்தில் தோட்டத்தைக் காக்கும் வேலை அவனுக்கு இடப்பட்டதை விரைந்து கடந்துபோகிறோம். ஞாயிறுதோறும் சபையாய் முழந்தாளிட்டுப் பாவ அறிக்கை சொல்லுகிறோம். அது ‘நான்’ என்று தொடங்காமல் ‘நாங்கள்’ என்று தொடங்குவதை யான் நெடுநாள் கவனித்ததில்லை. பொய்யையும் பொறாமையையும் மனத்திற்கொண்டு அதனைச் சொல்லியுள்ளேன். கழியை மனத்திற்கொண்டு ஒருநாளும் சொல்லியதில்லை. எர்ணாவூரிலும் எண்ணூரிலும் ஆலயங்கள் உள. வேறெங்கும் இல்லாவிடினும் அங்கேனும் ஆற்றின் பெயரைச் சொல்லி அவ்வறிக்கை செய்யப்படலாகாதா?

சென்ற கோடை விடுமுறையில் கழியின் மேலுள்ள பாலத்தில் நின்றிருந்தேன். கீழே இடுப்பளவு நீரில் சிலர் குனிந்து கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தனர். மிதிவண்டியில் வந்த பெரியவர் ஒருவர் இறங்கி, வாடிய மாலைகளும் வேறு ஏதோ கழிவும் நிறைந்த பையைக் கைப்பிடிச் சுவரின்மேல் தூக்கினார். முன்னும் இவ்வாறு பலர் எறியக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவன் யான், அன்றும் திருப்பிக்கொண்டேன். நீரினின்று ஓர் அம்மையார் நிமிர்ந்து, சினமின்றி, ‘அண்ணே, இங்கேதான் நாங்கள் கை வைக்கிறோம்’ என்றார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பையை மீண்டும் வண்டியின் பின்னே கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை; இருமுறை கட்டினார். யான் அருகிற் சென்று கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டேன். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. யானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.