கூடை சுமக்கும் கழுத்து

வாய்ப்புற்றுச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்ததும் சீனி வருத்தம் உண்டா, பிரஷர் உண்டா, என்ன மருந்து என்று எல்லாம் கேட்கிறோம். தொழில் என்ற இடத்தில் மட்டும் 'தோட்டத் தொழிலாளி' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். பசறை, மடுல்சீமை, நமுனுகுல பக்கமிருந்து பதுளை வைத்தியசாலைக்கு வரும் பெண்ணிடம் அந்த ஒரு வரியில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும் என்பது எமது கருத்து.

இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் நிற்கும் புற்றுநோய் வாய்ப்புற்று. தோட்டத்தில் பெண்களும் புகையிலையோடு வெற்றிலை போடுகிறவர்கள். கழுத்து நிணநீர்க் கணுக்களை அகற்றும்போது பதினோராவது மண்டை நரம்பைக் காப்பாற்றினாலும் தோள் பல மாதங்கள் சோர்ந்திருக்கலாம். கொழுந்துக் கூடையின் கயிறோ தலையில் மாட்டுவது. பாரம் முழுவதும் கழுத்துக்கு. முன்கைத் தோலை எடுத்து நாக்கைச் சீரமைக்கும்போது "இடது கைதானே" என்று ஆறுதல் சொல்கிறோம். கொழுந்து பறிப்பது இரண்டு கையாலும். இதையெல்லாம் சம்மதப் படிவத்தில் கையொப்பம் வாங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். தோள் பயிற்சியையும் அப்போதே காட்டிக்கொடுக்கலாம். இலகு வேலைக்கான கடிதம் நோயாளி வீடு திரும்பும் முன்னரே தோட்ட நிர்வாகத்துக்குப் போனால், பேர் விழாத, அதாவது நாட்கூலி கிடைக்காத, நாட்களின் பயம் சற்றுக் குறையும்.

அடுத்தது குரல். மூச்சு விடக் கழுத்தில் துளையிட்ட பின் கண் விழிக்கிறவருக்குச் சத்தம் வராது. எழுதிக் காட்டச் சொல்லி வெள்ளைப் பலகை கொடுப்போம். எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்? நோவு, மூச்சு முட்டுகிறது, சளி எடுக்க வேண்டும், தண்ணீர், மகளைக் கூப்பிடு: இந்த ஐந்துக்கும் படமோ சைகையோ முதல் நாளே பழக்கிவிட்டால் தமிழ் தெரியாத தாதிக்கும் அது புரியும். "கத்தி பட்டால் பரவிடும்" என்று யாராவது சொன்னால் சிரிக்கக் கூடாது. முற்றிய நிலையில் வந்து, சத்திரசிகிச்சைக்குப் பின் இறந்துபோன அயல்வீட்டுக்காரரைப் பார்த்தவர்கள் அவர்கள். அவருடைய நோய் எந்தக் கட்டத்தில் பிடிபட்டது, இவருடையது எந்தக் கட்டம் என்று விளக்கினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

வீட்டைப் பற்றிய விசாரணைதான் எல்லாவற்றிலும் குறைவு. லயத்துக் காம்பராவில் விறகுப் புகை நிற்கும். கழுத்துத் துளை மூடாதவருக்கு அது நேரே நுரையீரலுக்குப் போகும். படுக்கையை இஸ்தோப்புப் பக்கம் மாற்ற முடியுமா, அடுப்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மூக்குக் குழாயோடு போகிறவருக்குக் கஞ்சியை வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், இல்லையென்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஊட்டும்போதும் அதற்குப் பின் அரை மணி நேரமாவதும் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பீலித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டே குழாயைக் கழுவ வேண்டும். இதை வாட்டிலேயே, ஊட்டப்போகிறவரின் கையால் செய்யவைத்துப் பார்க்க வேண்டும். காலையில் மலைக்கு ஏறும் மகளுக்குக் கற்பித்துவிட்டுப் பகலெல்லாம் வீட்டில் இருக்கும் பாட்டியை விட்டுவிடுவது நம் வழக்கம்.

கதிர் சிகிச்சை தேவைப்பட்டால் ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. அதற்காக மஹரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக வேண்டியவர் என்றால் கூடப்போவது யார், எங்கே தங்குவது, கைச்செலவுக்கு என்ன வழி என்பவையும் சத்திரசிகிச்சைக்கு முந்திய பேச்சிலேயே வரவேண்டும். தோட்ட டிஸ்பென்சரிக்கு ஒரு தமிழ்க் குறிப்பும், எந்த அறிகுறிக்கு உடனே திருப்பி அனுப்புவது என்ற வரியும் நோயாளியின் கோப்பிலேயே இருக்கட்டும்.