இயந்திரத்துக்கு ஒரு நீர், குழந்தைக்கு ஒரு நீர்

ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே பிளின்ற் என்றொரு நகரம் உண்டு. அந்நகரிலே 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நடந்த ஒரு சம்பவத்தை முதலிற் கூறிவிட வேண்டும். அங்குள்ள ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் எஞ்சின் தொழிற்சாலை, நகரக் குழாய்களில் வரும் தண்ணீர் தனது எஞ்சின் உறுப்புகளை அரித்துவிடுகிறது என்று முறையிட்டது. முறையீடு உடனே செவிமடுக்கப்பட்டது. அயற்பிரதேசத்திலிருந்து ஹியூரன் ஏரியின் நல்ல நீரைப் பெற்றுக்கொள்ளக் கம்பனிக்கு வழி செய்து கொடுக்கப்பட்டது. இரும்பு தப்பிப் பிழைத்தது. இரும்பையே அரித்த அந்தத் தண்ணீரை அந்நகரத்துக் குழந்தைகளோ மேலும் ஓராண்டு காலம் குடித்துக்கொண்டிருந்தனர்.

ஓர் ஆட்சியமைப்பின் தன்மையை அறிய விரும்புவோர் அதன் அரசியற் சாசனத்தைப் படிப்பதோடு நின்றுவிடுகின்றனர். இடர் நேர்ந்தபோது அது எதை முதலிற் காப்பாற்றுகிறது என்பதையும் அவர்கள் கவனித்தல் வேண்டும். அமெரிக்காவைச் சனநாயகத்தின் உறைவிடம் என்றும், தனியார் முயற்சியின் வெற்றிக்கு நிகரற்ற சான்று என்றும் போற்றுகின்ற அறிஞர்கள் நம்மிடையே இன்றும் குறைவின்றி இருக்கிறார்கள். பிளின்ற் நகரத்துக் கதையை அவர்களுக்கு நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிளின்ற் பெயர் தெரியாத ஒரு மூலைப்பட்டினமன்று. ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி 1908ஆம் ஆண்டிலே பிறந்த இடமும் அதுவே. அமெரிக்கத் தொழிலாளர் இயக்கம் தன் மகத்தான வெற்றிகளுள் ஒன்றை ஈட்டிய இடமும் அதுவே. 1936 டிசெம்பர் 30ஆம் திகதி தொடங்கி 1937 பெப்ரவரி 11ஆம் திகதி வரை, 44 நாட்கள், மோட்டார்த் தொழிலாளர் அங்கே தொழிற்சாலைகளை விட்டு வெளியேறாது உள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். பொலிசார் கண்ணீர்ப் புகையையும் துப்பாக்கியையும் பயன்படுத்தினர். தொழிலாளர் கதவுக் கீல்களையும் தண்ணீர்க் குழாய்களையும் கொண்டு எதிர்த்து நின்றனர். பெண்கள் அணி திரண்டு ஆலை வாயிலைக் காத்தனர். இறுதியில் உலகின் மிகப் பெரிய கம்பனிகளில் ஒன்று தொழிற்சங்கத்தை அங்கீகரித்துக் கையொப்பமிட்டது.

அந்த வெற்றி கொடுத்த நல்ல ஊதியமே பிளின்ற் நகரை வளர்த்தது. 1960இல் அதன் சனத்தொகை ஏறத்தாழ இரண்டு இலட்சம். பின்னர் கம்பனி கணக்குப் பார்த்தது. சங்க பலமற்ற, கூலி குறைந்த இடங்கள் வேறு பல இருந்தன. 1970களின் இறுதியில் 80,000 பேருக்கு வேலை கொடுத்த நிறுவனம், ஆலைகளை ஒவ்வொன்றாக மூடிச் சென்றது. போகக்கூடிய வெள்ளையர் புறநகர்களுக்குப் போயினர். எஞ்சியோருட் பெரும்பான்மையினர் கறுப்பின மக்கள்; பத்துப் பேரில் நால்வர் வறியவர். 2020இல் நகரின் சனத்தொகை 81,000 ஆகச் சுருங்கியது. இரண்டு இலட்சம் பேருக்காகப் போடப்பட்ட குழாய்கள் மட்டும் மண்ணுக்குள் அப்படியே கிடந்தன; அவற்றுட் பல ஈயக் குழாய்கள்.

இலாபம் ஈட்டியவர் போய்விட்டார். பழுதுபார்க்கும் செலவோ இருந்தவர் தலையில் விழுந்தது. இந்நிலையில் மாநில அரசு செய்தது என்ன? நகரங்களுக்குப் பகிர்ந்தளித்து வந்த வருவாயை ஆண்டுதோறும் வெட்டியது. வணிகராயிருந்து ஆளுநரான றிக் ஸ்னைடர், 2011இல் பதவியேற்ற ஆண்டிலேயே வணிக நிறுவனங்களின் வரியைப் பெருமளவு குறைத்தார். ஓய்வூதியக்காரரின் வரியைக் கூட்டினார். அதே ஆண்டில் நிறைவேற்றப்பட்ட சட்டமொன்று, கடனில் மூழ்கிய நகரங்களுக்கு 'அவசரகால முகாமையாளர்' ஒருவரை ஆளுநர் நியமிக்கலாம் என்றது. நியமனம் நடந்தவுடன் மக்கள் தெரிந்தெடுத்த நகரசபையும் நகரபிதாவும் பொம்மைகளாகிவிடுவர். தனியொருவரே ஒப்பந்தங்களை முறிக்கலாம், சொத்துக்களை விற்கலாம், கட்டணங்களை உயர்த்தலாம்.

மிச்சிகன் மக்கள் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. 2012 நவம்பரில் நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பிலே பெரும்பான்மையோர் அச்சட்டத்தை நிராகரித்தனர். அடுத்த மாதமே சட்டசபை ஏறத்தாழ அதே சட்டத்தை மீண்டும் நிறைவேற்றியது. இம்முறை ஒரு தந்திரம் கையாளப்பட்டது. நிதி ஒதுக்கீட்டைக் கொண்ட சட்டங்கள் வாக்கெடுப்புக்கு விடப்படமாட்டா என்பது அம்மாநிலத்து விதி. ஆகவே ஒரு சிறு நிதி ஒதுக்கீட்டை அச்சட்டத்தில் ஒட்டிவிட்டார்கள். மக்களின் தீர்ப்பை மக்களாலேயே தொடமுடியாதபடி மாற்றிவிட்ட இந்தச் சாமர்த்தியத்தைச் சனநாயகம் என்று அழைப்பது எங்ஙனம்? ஒரு கட்டத்தில் அம்மாநிலத்துக் கறுப்பின மக்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் இத்தகைய முகாமையாளர்களின் கீழ் வாழ்ந்தனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. வாக்குரிமைக்காக அறுபதுகளில் இரத்தம் சிந்திய மக்களிடமிருந்து, அந்த வாக்கின் பயன் சத்தமின்றிப் பறிக்கப்பட்டது.

பிளின்ற் 2011 டிசெம்பர் முதல் 2015 ஏப்பிரல் வரை இவ்வாறு ஆளப்பட்டது. அதுவரை டெற்றோயிற் நகரிலிருந்து விலைக்கு வாங்கிய, நன்கு சுத்திகரிக்கப்பட்ட ஏரி நீரையே பிளின்ற் மக்கள் குடித்துவந்தனர். செலவைக் குறைப்பதற்காக, புதிய குழாய்த்தொடர் ஒன்று அமைக்கப்படும் வரையில், பிளின்ற் ஆற்று நீரை வழங்குவதென்று முடிவாயிற்று. 2014 ஏப்பிரல் 25ஆம் திகதி பழைய நீர் நிறுத்தப்பட்டது.

இங்கே சிறிது விஞ்ஞானம் அறிந்திருத்தல் நன்று. டெற்றோயிற் நீரிலே பொசுபேற்றுச் சேர்க்கப்பட்டிருந்தது. அது குழாயின் உட்புறத்தில் மெல்லிய படையாகப் படிந்து, ஈயம் நீரிற் கலவாதபடி தடுக்கும். ஆற்று நீரிலோ குளோரைட்டு அதிகம். அரிக்கும் இயல்பும் அதிகம். ஆகவே முன்னினும் கூடுதலான காப்பு வேண்டியிருந்தது. அக்காப்பு முற்றாகவே கைவிடப்பட்டது. அதற்கான செலவு நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு டொலரே என்று பின்னர் கூறப்பட்டது. பழைய படை கரைந்தது. ஈயம் குவளைக்கு வந்தது. ஈயம் குழந்தையின் மூளையையும் நரம்பையும் தாக்குவது. கற்குந் திறனையும் கவனத்தையும் கெடுப்பது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அதற்கு இல்லை. வகுப்பறையிலே மந்தமாயிருக்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர்கள், அந்த மந்தம் எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

மக்கள் வாளாவிருந்தனர் என்று எவரும் கருதவேண்டாம். நிறம் மாறிய, நாற்றமெடுத்த தண்ணீரைப் போத்தல்களில் ஏந்திக்கொண்டு தாய்மார் கூட்டங்களுக்குச் சென்றனர். தண்ணீர் நல்லதே என்று அதிகாரிகள் கூறினர். அப்படிக் கூறிக்கொண்டே, 2015 ஜனவரியில், அந்நகரிலுள்ள மாநில அரசின் அலுவலகக் கட்டடத்திலே தம் ஊழியர்களுக்கு மாத்திரம் சுத்தமான குடிநீர்க் கலங்களை வைத்தனர். 2015 மார்ச் மாதத்தில் நகரசபை, டெற்றோயிற் நீருக்குத் திரும்ப வேண்டுமென்று ஏழுக்கு ஒன்று என்ற வாக்குகளால் தீர்மானித்தது. அவசரகால முகாமையாளர் அதனை ஏற்க மறுத்தார். மக்கள் பிரதிநிதிகள் எழுவரின் வாக்கைவிட, எவராலும் தெரிந்தெடுக்கப்படாத ஒருவரின் கணக்கேடு கனமானதாயிற்று.

உண்மையை வெளிக்கொணர்ந்தோர் அத்தாய்மாரும், அவர்கள் அழைப்பை ஏற்று நீரைச் சோதித்த வேர்ஜீனியா ரெக் பல்கலைக்கழக ஆய்வாளரும், மோனா ஹன்னா என்ற குழந்தை வைத்தியருமே. நீர் மாறிய பின்னர், இரத்தத்தில் ஈயம் மிகுந்த குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ இருமடங்காயிற்று என்பதை அவ்வைத்தியர் 2015 செப்டெம்பரிற் காட்டினார். மாநில அதிகாரிகள் முதலில் அவரையே குறைகூறினர். அவர் ஈராக்கிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோரின் மகள். எந்த நாட்டைக் குண்டு வீசித் தகர்த்தார்களோ, அந்த நாட்டு வழிவந்த ஒரு பெண்ணே அமெரிக்கக் குழந்தைகளைக் காக்க முன்வந்தார் என்பதைக் குடிவரவோரைத் தூற்றுவோர் சற்றே சிந்திப்பார்களாக. ஒக்டோபரில் பழைய நீர் மீண்டது. அதற்கிடையில், அசுத்த நீரிற் பெருகும் கிருமியால் வரும் கடும் நுரையீரற் காய்ச்சல் குறைந்தது பன்னிரண்டு உயிர்களைக் கொண்டுபோயிற்று.

இவ்விடத்து இரண்டு ஆட்சேபங்கள் எழுப்பப்படுவதுண்டு. நகரசபைதானே 2013இல் வாக்களித்தது என்பது முதலாவது. அச்சபை வாக்களித்தது புதிய குழாய்த்தொடரில் இணைவதற்கு. இடைக்காலத்தில் ஆற்று நீரைக் குடிப்பதற்கன்று. ஆளுநரே நியமித்த விசாரணைக் குழு 2016 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையிலே பிரதான பொறுப்பை மாநில அரசின் மீதே சுமத்தியது. 2017இல் மாநிலக் குடியியல் உரிமைகள் ஆணைக்குழு, நிறுவனங்களில் ஊறிய இனபேதமே இதற்கு அடிப்படையென்று முடிவு கூறியது.

இரண்டாவது ஆட்சேபம் நுட்பமானது. 'தவறு நேர்ந்தது மெய். ஆயின் சுதந்திரமான பத்திரிகையும் நீதிமன்றமும் அதைத் திருத்திவிட்டன. இதுவே அவ்வமைப்பின் சிறப்பு' என்பர். சுதந்திரமாக எழுதவும் பேசவும் கூடிய சூழல் அத்தாய்மாருக்கு உதவியது என்பதை நாம் மறுக்கவில்லை; அவ்வுரிமைகளைக் குறைத்து மதிப்பது முற்போக்காளர்க்கு அழகுமன்று. ஆனால் திருத்தம் எவ்வளவு தூரம் சென்றது? பல அதிகாரிகள் மீது வழக்குகள் தொடரப்பட்டன. 2021இல் முன்னாள் ஆளுநர் மீதே குற்றஞ்சாட்டப்பட்டது. 2022இல் மாநில உயர் நீதிமன்றம், குற்றஞ்சாட்டிய முறை பிழையென்றது. 2023 ஒக்டோபரில் எல்லா வழக்குகளும் முடிவுக்கு வந்தன. ஒருவரேனும் சிறை செல்லவில்லை. கடையிலே ரொட்டி திருடியவனுக்கு வாயில் திறக்கும் சிறைச்சாலைகள், ஒரு நகரத்துக் குழந்தைகளுக்கு ஈயம் ஊட்டியவர்க்குத் திறக்கவில்லை. ஏறத்தாழ 62 கோடியே 60 இலட்சம் டொலர் நட்டஈடு 2021 நவம்பரில் அங்கீகரிக்கப்பட்டது. அதன் பின்னரும் ஆண்டுகள் பல குடும்பங்கள் பணத்துக்காகக் காத்திருந்தன. ஈயக் குழாய்களை மாற்றும் வேலை 2025இலேதான் நிறைவுபெற்றது. அதுவும் குடிமக்கள் வழக்காடிப் பெற்ற உடன்படிக்கையின் விளைவு.

இதனை ஒரு கட்சியின் குற்றமாக மாத்திரம் கொள்வதும் பிழையாகும். ஸ்னைடர் குடியரசுக் கட்சியினர். ஆனால் எச்சரிக்கை கிடைத்தும் மாதக்கணக்கிற் தயங்கி நின்ற மத்திய சுற்றாடற் காப்பு நிறுவனம் அப்பொழுது ஒபாமாவின் ஆட்சியில் இருந்தது. 2016 மேயில் ஒபாமா பிளின்ற் நகருக்கு வந்து, வடிகட்டிய நீரை ஒரு மிடறு குடித்துக் காட்டினார். அவ்வாண்டுத் தேர்தலில் இரு கட்சி வேட்பாளரும் அந்நகரைத் தேடி வந்தனர். டொனால்ட் ட்ரம்ப்பும் வந்தார். வாக்குக் கேட்கும் காலத்தில் வறியவரின் தாகம் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

2018 ஏப்பிரலில் நிகழ்ந்ததையும் குறிப்பிடாது விடமுடியாது. அம்மாதத்தின் முதல் வாரத்திலே மிச்சிகன் அரசு, நெஸ்லே கம்பனி ஒரு கிணற்றிலிருந்து நிமிடத்துக்கு 400 கலன் நிலத்தடி நீரை எடுத்துப் போத்தலில் அடைத்து விற்க அனுமதி வழங்கியது. அந்நீருக்கு அக்கம்பனி அரசுக்குச் செலுத்தியது ஆண்டுக்கு 200 டொலர் நிர்வாகக் கட்டணம் மட்டுமே. அதே வாரத்திலே பிளின்ற் மக்களுக்கு இலவசமாகக் கொடுத்துவந்த போத்தல் நீர் நிறுத்தப்படுமென்று அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே மிக உயர்ந்த தண்ணீர்க் கட்டணங்களுள் ஒன்றை, குடிக்கவொண்ணாத நீருக்காகச் செலுத்தியவர்கள் அம்மக்கள். வெயிற்காலத்திலே வழிப்போக்கனுக்குத் தண்ணீர்ப்பந்தல் வைத்த மரபிலே வந்த நமக்கு இந்த வியாபாரம் விளங்குவது கடினமே.

பழங்கதை என்று இதை ஒதுக்கிவிடலாமா? 2022 ஓகஸ்டில் மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜக்சனிலே நீர் வழங்கல் முற்றாக நிலைகுலைந்தது; அதுவும் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரே. 2025இல் மில்வோக்கி நகரத்துப் பாடசாலைகளிலே, உதிரும் பழைய வர்ணப்பூச்சில் ஈயம் காணப்பட்டது. சில பாடசாலைகள் தற்காலிகமாக மூடப்பட்டன. நகரச் சுகாதாரப் பகுதியினர் மத்திய நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் உதவியைக் கோரினர். உதவி மறுக்கப்பட்டது. ஏனெனில் குழந்தைகளை ஈய நஞ்சிலிருந்து காக்கும் பிரிவின் ஊழியரை ட்ரம்ப் அரசாங்கம் அவ்வாண்டு ஏப்பிரலில் வேலைநீக்கஞ் செய்திருந்தது. கண்டனம் எழுந்த பின்னர் ஜூனில் ஊழியர் பலர் மீள அழைக்கப்பட்டனர். அடுத்த மாதம் நிறைவேறிய வரவு செலவுச் சட்டம் செல்வந்தரின் வரிச்சலுகையை நீடித்தது. வறியோரின் வைத்திய உதவித் திட்டத்தை வெட்டியது. நஞ்சுண்ட பிளின்ற் குழந்தைகளுக்கு வைத்தியம் அளித்துவந்ததும் அத்திட்டமே.

பணம் இல்லை என்பார்கள். 2021ஆம் ஆண்டின் சட்டம் நாடெங்குமுள்ள ஈயக் குழாய்களை மாற்ற ஐந்தாண்டுகளுக்கு ஒதுக்கியது 1,500 கோடி டொலர். 2024ஆம் ஆண்டுக்கு மட்டும் இராணுவத்துக்கு அங்கீகரிக்கப்பட்டது 88,600 கோடி டொலர். இலக்கங்கள் இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதிப் பார்க்கும் மாணவனுக்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை.

ஆகவே பிளின்ற் நமக்குக் கற்பிப்பது யாது? அரசாங்கத்தை ஒரு கம்பனியைப் போல நடத்தவேண்டும் என்ற கோஷம் கேட்பதற்கு இனிமையானது. அவ்வாறு நடத்தப்பட்ட நகரம் எப்படியிருக்கும் என்பதை அங்கே கண்டோம். கம்பனிக்குக் கணக்கேடே வேதம். அந்த ஏட்டிலே எஞ்சினுக்கு ஒரு விலை உண்டு, குழந்தைக்கு இல்லை. மக்களின் வாக்கை அகற்றிவிட்டு நிபுணரை அமர்த்தினால் செலவு குறையும் என்றார்கள். வேலியே பயிரை மேய்ந்தது. மேய்ந்ததைக் கேட்பதற்கு மக்களிடம் அதிகாரமும் இருக்கவில்லை.

எனினும் நாம் நம்பிக்கை இழக்கவேண்டியதில்லை. 1937இலே ஆலைக்குள் அமர்ந்திருந்த தொழிலாளரும், வாயிலைக் காத்த பெண்களும் அமெரிக்கரே. பழுப்பு நிறத் தண்ணீரைப் போத்தலில் ஏந்தி அதிகாரிகளின் முகத்துக்கு நேரே நீட்டிய தாய்மாரும் அமெரிக்கரே. நமது கண்டனம் அந்த மக்களுக்கு எதிரானதன்று. அவர்களுடைய கண்டனத்தோடு சேர்ந்து ஒலிப்பது. அவர்கள் கேட்டது பெரியதொரு வரமன்று. எஞ்சினுக்குக் கிடைத்த தண்ணீரையே தம் பிள்ளைகளுக்கும் கேட்டார்கள். அதனையும் போராடித்தான் பெறவேண்டியிருந்தது என்றால், அங்கே மாற்றப்பட வேண்டியவை குழாய்கள் மட்டுமல்ல.