கடலுக்குப் போய் வந்த பூட்ஸ்

எங்கள் வீட்டில் எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது என்று இரண்டு நாட்கள் தேடினோம். பரண்மேல் ஏறிப் பார்த்தாயிற்று. அரிசி டிரம்மை நகர்த்திப் பார்த்தாயிற்று. ஊஹூம், எலி அகப்படவில்லை. மூன்றாம் நாள் காலை துளசித் தொட்டிக்குத் தண்ணீர் விடப் போன அம்மா, பால்கனி மூலையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பையைக் காலால் ஒதுக்கினாள். அவ்வளவுதான்!

"அடியே, ஓடி வா! எலி இங்கேதான் இருக்கிறது. ஒன்றல்ல, ஜோடி!" என்று கூவினாள்.

எலி அல்ல, சகோதரிகளே! என் அக்கா மகளின் பூட்ஸ்.

இந்தப் பெண் எங்கள் வீட்டில் தங்கித்தான் கல்லூரியில் படிக்கிறாள். லீவு நாட்களில் புதுச்சேரிக்குப் போய், முதுகில் காற்று அடைத்த சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் நீந்தக் கற்றுக்கொண்டு வருகிறாள். ஸ்கூபா டைவிங் என்று பெயர். காலில் மாட்டும் துடுப்பு குதிகாலை அறுக்காமலிருக்க ரப்பர் போன்ற ஒரு பூட்ஸ் போட வேண்டுமாம். அங்கேயே வாடகைக்குக் கொடுப்பார்கள். ஊரார் போட்டுக் கழற்றியதில் காலை விடப் பிடிக்காமல், டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் இவள் சொந்தமாக வாங்கிக்கொண்டாள்.

"ஈரத்தோடு கட்டி வைத்தாயாக்கும்!" என்றேன்.

"சத்தியமாக இல்லை, சித்தி! ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் பையில் போட்டேன்" என்றாள். கண்ணில் நீர் தளும்பியது. பொய் சொல்கிற பெண் அல்ல. ஆனால் பையைத் திறந்தால் உள்ளே பிசுபிசுவென்று ஈரம்!

புதிரை விடுவித்தது என் தாயார். நான் படித்த ரசாயனம் அந்தச் சமயத்தில் எனக்குக் கைகொடுக்கவில்லை.

"உப்புப் போக அலசினாயோ?" என்று கேட்டாள்.

"கரைக்கு வந்ததும் அங்கே இருந்த தொட்டியில் முக்கினேன், பாட்டி."

"எல்லோரும் முக்குகிற தொட்டியா? பத்துப் பேர் முக்கினால் அதுவும் கடல்தானே, கண்ணே! மழைக்காலத்தில் மோர் மிளகாய் ஏன் நமுத்துப் போகிறது? உப்பு ஜாடியில் ஏன் நீர் கோத்துக் கொள்கிறது? வீட்டில் யாராவது அதில் தண்ணீரா ஊற்றினோம்?"

எவ்வளவு சரியான கேள்வி! காற்றில் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துக்கொண்டு தானே கரைய ஆரம்பித்துவிடும். கடல் நீரிலோ சாதா உப்போடு மக்னீசியம் உப்புகளும் இருக்கின்றன. அவை அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுக்கும். கடற்கரை ஊர்களில் இரவு வேளையில் காற்றின் ஈரப்பதம் எங்கே நிற்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அலசாத பூட்ஸ் பகலில் காயும். இரவில் தானாகவே நனையும். பெண் சொன்னது நிஜம்தான்.

இந்தப் பூட்ஸ் செய்யும் பொருளுக்கு நியோப்ரீன் என்று பெயர். 1930-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் கண்டுபிடித்த செயற்கை ரப்பர். அதை நுரைக்க வைத்துப் பஞ்சு போலாக்கி, நீரில் முழுகுகிறவர்களுக்கு 1950-களின் தொடக்கத்தில் உடுப்பு உருவாக்கியவர் ஹ்யூ பிராட்னர் என்ற கலிபோர்னியா விஞ்ஞானி. அந்த நுரையின் ஒவ்வொரு குமிழியும் மூடிக் கிடப்பதால் ரப்பர் தண்ணீர் குடிப்பதில்லை. குடிப்பது உள்ளே ஒட்டியிருக்கும் துணி. வெளியே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும். விரல் பக்கத்தில், வெளிச்சமும் காற்றும் எட்டாத மூலையில், ஈரம் உட்கார்ந்திருக்கும். வியர்வையையும் உதிர்ந்த தோலையும் தின்று வாழும் கிருமிகளுக்கு அதைவிட நல்ல ஜாகை ஏது? அவை கக்கும் ஒருவித அமிலம்தான் நாற்றத்துக்குக் காரணம். பழைய பாலாடைக் கட்டியில் வீசுவதும் ஏறக்குறைய அதே வாடைதான். (இன்னொரு சங்கதியும் உண்டு. நீரில் வெகு நேரம் முழுகி இருந்தால் சிறுநீர் அதிகமாகச் சுரக்குமாம். நடுக்கடலில் எங்கே போவது? உடுப்புக்குள் நேர்வது கடைசியில் பூட்ஸில் வந்து சேரும். பெண் இதைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை!)

நாற்றத்தோடு போயிருந்தால் சிரித்துவிட்டு இருந்திருப்பேன். அவள் காலைப் பார்த்தபோதுதான் பயம் வந்தது. விரல் இடுக்கெல்லாம் வெளுத்து, ஊறி, வெடித்திருந்தது. சேற்றுப்புண்! பத்து நாளாக அரிப்பு. சொன்னால் கடலுக்கு அனுப்பமாட்டோம் என்று மறைத்திருக்கிறாள். டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்டில் நீரிழிவுக்காரர் உண்டா?" என்று முதலில் கேட்டார். அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாக உண்டு. இந்தப் பூஞ்சை குளியலறைத் தரையிலும், கால் துடைக்கும் துணியிலும் தொற்றும். நீரிழிவுக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மந்தமாகிவிடுவதுண்டு. விரலிடுக்கு வெடித்தாலும் தெரியாது. அந்த வெடிப்பு வழியாக வேறு கிருமி புகுந்தால் காலுக்கே ஆபத்து. அன்றே துண்டும் மிதியடியும் தனித்தனி ஆயின.

டெலிபோனில் விஷயம் கேட்ட அக்கா, "பூட்ஸைத் தூக்கிக் குப்பையில் போடு! கடலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!" என்று தீர்ப்புச் சொன்னாள். "பூட்ஸ் என்ன பாவம் பண்ணிற்று? தோய்க்கத் தெரியாதது யார் குற்றம்?" என்று பேத்திக்காக வாதாடியவள் அம்மாதான்.

தோய்த்தோம். முதலில் ஓடும் குழாய் நீரில், கழுத்தைப் புரட்டிவிட்டு, உள்ளே கையை விட்டு விரல் முனை வரை தேய்த்து அலசினோம். பிறகு ஒரு வாளி நீரில் சிறிது ஷாம்பு கலந்து ஊறவைத்துக் கசக்கினோம். முறுக்கிப் பிழியக் கூடாது. தையலும் ஒட்டும் விட்டுப்போகும். நாற்றம் பழையதாகையால், மறுபடி ஒரு வாளித் தண்ணீரில் ஒரு தம்ளர் வெள்ளை வினிகர் விட்டு அரைமணி ஊறப் போட்டு, மூன்று தண்ணீர் அலசினோம். பிளீச்சிங் பவுடரைக் கிட்டேயே சேர்க்காதீர்கள். நியோப்ரீனுக்கு அது ஆகாது. வினிகரோடு சேர்ந்தாலோ விஷவாயு கிளம்பும். ஜிப் இருந்தால் பழைய பல் பிரஷ்ஷால் உப்பைத் தட்டிவிட்டு, காய்ந்ததும் மெழுகுவத்தியை ஒரு இழுப்பு இழுத்து வையுங்கள்.

உலர்த்துவதில்தான் பொறுமை வேண்டும். வெயிலில் போடத்தான் நமக்குக் கை துருதுருக்கும். நியோப்ரீன் கடும் வெயிலில் விறைத்து வெடித்துவிடும். அடுப்பு ஓரமும் உதவாது. அரைமணி கவிழ்த்து நீரை வடித்துவிட்டு, பழைய தினசரியைக் கசக்கித் திணித்து நிழலில் ஃபேனுக்கு எதிரே வைத்தோம். முதல் தாளை ஒரு மணியில் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் குடித்த நீரை அதுவே திருப்பிக் கொடுக்கும். (எங்கள் பத்திரிகையைத் திணிக்க வேண்டாம். ரோஷத்தினால் சொல்லவில்லை, வழவழப்புத் தாள் நீரை உறிஞ்சாது!) மறுநாள் காலை உள்ளேயிருந்த தாளை எடுத்துப் பார்த்தாள் அம்மா. நமுத்திருந்தது. இன்னொரு நாள் போட்டோம். அதற்கடுத்த காலையில் எடுத்த தாள் மொரமொரவென்று இருந்தது. அதுதான் பதம்.

மிச்சம் வாடை இருந்தால் மெல்லிய துணியில் சமையல் சோடாவை முடிந்து ஓர் இரவு உள்ளே போட்டு வைக்கலாம். சென்ட், சாம்பிராணி, பாச்சை உருண்டை எல்லாம் பிரயோசனமில்லை. இரண்டு நாற்றம் சேர்ந்து மூன்றாவது பிறக்கும். பையில் கட்டாமல் தொங்கவிடுங்கள். குழந்தைகளின் பள்ளிக்கூடக் கான்வாஸ் ஷூவுக்கும் இதே வைத்தியம்தான். வியர்வையிலும் உப்பு உண்டல்லவா? அதற்கு வெயில் மட்டும் விலக்கில்லை.

கால் ஆறிய பிறகு, டாக்டரின் சம்மதத்தோடு, போன மாதம் பெண் மறுபடி புதுச்சேரி போய் வந்தாள். ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு வந்தவள் சாப்பிடக்கூட உட்காரவில்லை; குளியலறையில் குழாய் வெகு நேரம் ஓடிற்று. செவ்வாய்க்கிழமை காலை, பால்கனிக் கொடியில் தொங்கிய பூட்ஸை அம்மா எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"கடல் வாசனைகூட இல்லையே!" என்றாள், சற்று ஏமாற்றத்துடன்.