பெயர் வேண்டாத பணி

கடவுளுக்குச் செய்யும் பணி எது என்று வினவினால் விடை கூறுவோர் பலர். அப்பணியை எந்த மனத்தோடு செய்கின்றோம் என்று தம்மைத் தாமே வினவுவோர் சிலரே. அச்சிலருள் ஒருவனாக நான் நெடுங்காலம் இருந்ததில்லை என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கின்றேன்.

வன்னியிலே ஓர் ஆலயத்தில் ஞாயிறுதோறும் சிறுவர்க்கு மறைக்கல்வி கற்பித்து வந்தேன். ஒரு திருவிழாவின் முடிவில் நன்றியுரை ஆற்றியவர் என் பெயரை விட்டுவிட்டார். அடுத்த இரு ஞாயிறும் நான் வகுப்புக்குச் செல்லவில்லை; காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். பிள்ளைகள் காத்திருந்து திரும்பினர். ஆண்டவனுக்கென்று செய்த பணியாயின், மனிதர் மறந்ததற்கு நான் ஏன் வாடவேண்டும்? அச்சிறுவர் செய்த குற்றந்தான் யாது?

அந்நாள்களில் யோசேவாஸ் அடிகளாரின் வரலாறு என்னை உறுத்தியது. ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687 இல், அவர் கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வந்தார். குரு என்னும் மதிப்பை மறைத்துக்கொண்டே குருப்பணியைத் தொடங்கினார். 1697 இல் கண்டியில் வைசூரி பரவியபோது பலர் நகரை விட்டகன்றனர். அவரோ நோயாளரைத் தேடிச் சென்றார். அவர்தம் சமயம் யாதென்று பார்க்கவில்லை. 1711 இல் மறைந்த அவரைத் திருச்சபை புனிதராக அறிவித்தது 2015 இலே. புகழுக்காகப் பணி செய்தவர் எவரும் 304 ஆண்டுகள் பொறுத்திரார்.

இது பழங்கதை என்போர் நம் மண்ணையே நோக்குக. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக விளங்கிய பிரான்சிஸ் யோசப் அடிகளார், போரின் இறுதி நாள்களிலும் வன்னி மக்களோடு தங்கியிருந்தார். 2009 மே 18 அன்று முல்லைத்தீவில் இராணுவத்திடம் சரணடைந்தோருடன் அவரும் பேருந்தில் ஏறினார் எனக் கண்டோர் சாட்சி பகர்ந்துள்ளனர். அவர் திரும்பி வரவில்லை. சரணடைந்தோரின் அரசியல் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம், அவ்வாதம் வேறு. அஞ்சி நின்றவர்களைத் தனியே போகவிடாத மனத்தையே நான் குறிக்கின்றேன். அங்கே நன்றியுரை ஆற்ற எவருமில்லை.

போரிலே சிதைந்த ஆலயங்கள் பல இன்று மீண்டும் எழுந்துள்ளன. கொடுத்தோர் பெயரைக் கல்லிற் பொறித்தால் பிறரும் கொடுப்பர் என்பர். அதில் உண்மை இல்லாமலில்லை. நன்றி கூறுவதும் நற்பண்பே. ஆயினும் கூறுவது பிறர் கடமை. எதிர்பார்ப்பது நம் நோய். காணிக்கைப் பெட்டியில் இரு காசிட்ட ஏழைக் கைம்பெண்ணின் செயலை நற்செய்தி போற்றுகின்றது. அவள் பெயரை அது குறிக்கவேயில்லை.

மூன்றாம் ஞாயிறு வகுப்புக்குச் சென்றேன். "காய்ச்சல் மாறிவிட்டதா, சேர்?" என்று ஒரு சிறுமி பரிவோடு கேட்டாள்.

"மாறிக்கொண்டு வருகின்றது, பிள்ளை" என்றேன். அன்று நான் சொன்னது பொய்யன்று.