பழைய வானும் பழுதான ஊசிமுனையும்

நாட்டின் பொருளாதார நிலையை அறிய விழைவோர் வரவு செலவுத் திட்ட உரைகளைப் படிப்பர். வீட்டு முற்றங்களில் நிற்கும் பழைய வான்களைப் பார்ப்பதும் அதற்கு ஒரு வழி என்பது என் கருத்து. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி மீண்டும் திறந்தது. திறந்த வழியிலும் வரி மலைபோல் நின்றமையால், இருபது முப்பது ஆண்டு கண்ட ஹயஸ், கரவன் வான்களே மாணவரைப் பள்ளிக்கும் மரக்கறியைச் சந்தைக்கும் தொடர்ந்து ஏற்றிச் செல்கின்றன. அவற்றின் சொந்தக்காரருட் சிலர் கராஜ் கூலிக்கு அஞ்சி, இன்ஜெக்டர் மாற்றும் வேலையைத் தாமே செய்யத் தலைப்பட்டுள்ளனர். இதனைச் சிக்கனம் எனப் புகழ்வாரும் உளர். அறியாத் துணிவு என இகழ்வாரும் உளர். இருசாராரும் பாதி உண்மையே பேசுகின்றனர்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்று பெரிதும் அமுக்கப்பட்டுச் சூடேறி நிற்க, அதனுள் டீசல் நுண்துளிகளாய்ச் சீறிப் பாய்ந்து தானே எரிகின்றது. அவ்வாறு சீறச் செய்யும் கருவியையே நூலோர் உட்செலுத்தி என்பர். கராஜில் அது இன்ஜெக்டர். அதன் முனை நொசில். ருடோல்ப் டீசல் தமது முதல் எஞ்சினில் அமுக்கிய காற்றைக் கொண்டே எண்ணெயை உட்புகுத்தினார். 1927 இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் உட்செலுத்தும் பம்பைத் தொகையாகச் செய்யத் தொடங்கிய பின்னர், டீசல் எஞ்சின் லொறிகளிற் பரவலாயிற்று. பழைய வான்களின் நொசில், வளிமண்டல அழுத்தத்தின் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்திலேதான் திறக்கும். ஊசிக்கும் உறைக்கும் இடையே உள்ள வெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில பங்கே. அந்த ஊசி தேயாமற் காப்பது வேறோர் எண்ணெயன்று. அதனூடே ஓடும் டீசலேயாம். இவ்வொன்றை மனத்திற் கொண்டால் இனிக் கூறுவது எளிதில் விளங்கும்.

1990களில் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வராது தடுக்கப்பட்டிருந்த காலத்தை என் வயதினர் மறந்திலர். சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் மொறிஸ், ஒஸ்ரின் கார்களை ஓட்டினோம். அது அக்காலத்தின் அறிவு, போற்றத்தக்கதே. ஆயினும் அவை பெற்றோல் எஞ்சின்கள். காபரேற்றர் மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டது. டீசல் நொசில் அவ்வாறு பொறுப்பதன்று. மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழவழப்பு இல்லை. ஆதலின் பம்பும் ஊசியும் விரைவில் தேயும்.

இனி 2022 ஆம் ஆண்டை நோக்குவோம். அவ்வாண்டு ஜூன் இறுதியில் டீசல் ஒரு லீற்றர் 460 ரூபாவாயிற்று. மண்ணெண்ணெயோ ஓகஸ்ட் பிற்பகுதி வரை 87 ரூபாவாகவே இருந்து, பின்னர் ஒரே இரவில் 340 ரூபாவுக்குத் தாவிற்று. ஏழை வீட்டு அடுப்பையும் மீனவர் படகையும் எண்ணியே அது மலிவாக வைக்கப்பட்டிருந்தது. எனினும் ஒன்றின் விலை மற்றொன்றின் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாயிருக்கும்போது, கலப்படத்திற்கு வேறு தூண்டுதல் வேண்டுமா? கலந்து ஓடிய வான் அன்று உருண்டது. அதன் கடனை நொசில் பிற்பாடு வசூலிக்கின்றது. விலைக் கொள்கையின் பிழை வீட்டு முற்றத்தில் ஸ்பனரோடு வந்து நிற்பது இவ்வாறே.

வீட்டிற் செய்யத்தக்கது யாது? நோயின் முதலை நாடுமாறு மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த முறை இங்கும் பொருந்தும். எஞ்சின் மெல்ல ஓடுகையில் ஒவ்வொரு குழாய் நட்டாகச் சிறிது தளர்த்த வேண்டும். எதனைத் தளர்த்தும் ஓசை மாறவில்லையோ அச்சிலிண்டரிலே குற்றம் உள்ளது. கசியும் டீசலைத் துணியால் மூடி, கையை அப்பால் வைத்தல் வேண்டும். கழற்றுமுன் சுற்றுப்புறத்தைத் துடைத்தலும், திறந்த குழாய் வாய்களை மூடுதலும், பழைய செம்பு வாசரை எறிந்து புதியது இடுதலும், குறித்த இறுக்கத்திற்கே முறுக்குதலும், ஈற்றிற் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுதலும் பொறுமையுள்ளவர் கற்கக்கூடியனவே.

ஆனால் நொசில் எந்த அழுத்தத்தில் திறக்கின்றது, தூவல் பனிபோல் விழுகின்றதா, முனை சொட்டுகின்றதா என்பவற்றைச் சோதனைப் பம்பு இன்றி அறிய இயலாது. அத்தூவலின் எதிரே விரலை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்து உட்புகும். சத்திரசிகிச்சையே அதற்கு மருந்து. பிற்காலத்துக் கொமன் ரெயில் வான்களில் அழுத்தம் ஆயிரம் மடங்கையும் கடக்கும். அவற்றுட் பலவற்றில் புதிய இன்ஜெக்டரின் குறியீட்டைக் கணினிக்கும் அறிவிக்க வேண்டும். அங்கே முற்றத்து வேலை ஆகாது.

ஆகவே கழற்றலும் பூட்டலும் வீட்டுக்குரியன, சோதனை பொதுநிலையத்துக்குரியது. அந்நிலையம் எட்டும் தொலைவில் இல்லையெனின், சொந்தக்காரர் ஊகத்தைக் கொண்டே நொசிலைப் பூட்டுவார். விளைவு கரும்புகை. 2012 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், டீசற் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதென வகுத்தது. நாள்தோறும் காலையும் மாலையும் அப்புகையைச் சுவாசிப்போர், பள்ளி வான்களில் நெருங்கியமரும் நம் பிள்ளைகளே. 2008 முதல் இந்நாட்டிற் புகைப்பரிசோதனை உண்டு. அது குற்றத்தைக் காட்டும். குற்றத்தைத் தீர்க்கும் வழியைக் காட்டாது.

உயர்தர வகுப்பில் 2013 இல் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. அப்பிரிவுள்ள பாடசாலைகளுக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் ஒரு நொசில் சோதனைப் பம்பை வழங்குவது ஓர் அரசுக்குப் பெருஞ்செலவாகாது. மாணவர் தமிழிலேயே அதனைக் கற்பர். ஊரார் தம் நொசிலைக் கொண்டுவந்து சோதித்துச் செல்வர். எரிபொருள் நிலையங்களிற் கலப்படச் சோதனையும் ஒழுங்காக நடைபெறல் வேண்டும். புதிய வாகனம் வாங்க இயலாத மக்களைப் பழையதைப் பேணி வாழுமாறு விட்ட அரசு, பேணுதற்குரிய கருவியையும் கல்வியையும் அவர்க்கு அளித்தல் அதன் கடமையாகும்.